எல்லாவற்றுக்கும் "நானே" என்கிறாள்: வீட்டில் எதுவரை விடுவது?

தாழ்வாரம்

மகளுக்கு மூன்று வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. சட்டை, செருப்பு, தலைவாருவது, தண்ணீர் ஊற்றுவது, கதவைத் திறப்பது என்று எதைத் தொட்டாலும் "நானே" என்கிறாள். விட்டால் முடிப்பதில்லை. நான் முடித்துவிட்டால் போட்ட சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று தரையில் உருள்கிறாள். காலையில் நானும் கணவரும் வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

அவள் போகும் மழலையர் பள்ளியில் குழந்தை மையக் கல்வி என்கிறார்கள். வீட்டிலும் அதைத் தொடருங்கள் என்றார் ஆசிரியை. எப்படி என்று கேட்டதற்கு, "அவள் போக்கில் விடுங்கள்" என்று பதில் வந்தது. அவள் போக்கில் விட்டால் நாங்கள் மதியம்தான் வாசலைத் தாண்டுவோம். என் மாமியாரோ நேர் எதிர். ஊட்டுவது, உடுத்துவது, பொம்மையை எடுத்துக் கையில் கொடுப்பது எல்லாம் அவரே. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டால் எங்கள் வீடு ஓடாது.

எதை அவளிடம் விடலாம், எதை விடக்கூடாது? நேரத்துக்கு என்ன செய்கிறீர்கள்? குழந்தை மையம் என்றால் "கூடாது" என்றே சொல்லக்கூடாதா?

மணல்வீடு

மழலையர் வகுப்பில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். "அவள் போக்கில் விடுங்கள்" என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்பும் சக ஆசிரியர்கள் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. அது பாதி வாக்கியம். வகுப்பில் குழந்தையை அவள் போக்கில் விடுவதற்கு முன் நாங்கள் செய்துவைக்கும் வேலையை யாரும் பெற்றோருக்குச் சொல்வதில்லை. அலமாரி அவள் உயரத்தில் இருக்கும். தட்டில் அன்றைக்குத் தேவையானது மட்டும் இருக்கும். சிந்தினால் துடைக்கத் துணி பக்கத்தில் தொங்கும். செய்ய வேண்டியதை ஒருமுறை மெதுவாகச் செய்து காட்டியிருப்போம். அதற்குப் பிறகுதான் விடுகிறோம்.

சட்டைக்கு வருகிறேன். பொத்தான் வைத்த சட்டையை மூன்று வயதுக் குழந்தை நின்றுகொண்டு, அவசரத்தில், முகத்துக்குக் கீழே குனிந்து பார்த்துப் போட முடியாது. நமக்கே அது கைப்பழக்கத்தால் நடக்கிறது, கண்ணால் அல்ல. வார நாட்களில் தலை வழியாக மாட்டும் தளர்ந்த சட்டை, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டை, ஒட்டுப்பட்டை வைத்த செருப்பு. இவற்றை வைத்தாலே சண்டையில் பாதி குறையும். கால்சட்டையை உட்கார்ந்து போடக் கற்றுக்கொடுங்கள். ஒற்றைக் காலில் நின்று மாட்டுவது பிறகு வரும். முன்பக்கம் திறக்கும் மேல்சட்டைக்கு ஒரு வழி இருக்கிறது. சட்டையின் உள்பக்கம் மேலே தெரிய, கழுத்துப் பகுதி அவள் கால் பக்கம் இருக்குமாறு தரையில் விரியுங்கள். குனிந்து இரு கைகளையும் உள்ளே விட்டு, தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் போட வேண்டும். ஒருமுறை வந்துவிட்டால் வருகிறவர்களுக்கெல்லாம் செய்து காட்டுவாள்.

பொத்தானைக் கற்றுக்கொள்ளும் நேரம் காலை அல்ல. மாலையில், சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய பொத்தானாக. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி இதற்காகவே மரச்சட்டத்தில் துணியை மாட்டி, ஒரு சட்டத்தில் பொத்தான், இன்னொன்றில் கொக்கி, மற்றொன்றில் நாடா என்று தனித்தனியாக வைத்தார். ஒரு நேரத்தில் ஒரு சிரமம் மட்டும் என்பதுதான் அதன் சூட்சுமம். விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை, உங்கள் பழைய சட்டை போதும்.

கடைசிப் படியை அவளுக்கு விடுவது இன்னொரு உத்தி. பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். குழந்தையைத் தொடங்கவிட்டு, நேரமானதும் பிடுங்கி முடிக்கிறார்கள். நீங்கள் தொடங்குங்கள், அவள் முடிக்கட்டும். பற்சங்கிலியை (ஜிப்) அடியில் கோத்து நீங்கள் பிடித்துக்கொண்டால், மேலே இழுப்பது அவள். கை நன்றாக வந்தபின் கோப்பதையும் விடலாம். முடித்தது தான் என்ற நிறைவு அவளுக்குக் கிடைக்கும், நேரமும் உங்கள் கையில் இருக்கும்.

சந்தேகப்பேர்வழி

இந்த இழையில் எதிர்க்குரல் ஒன்றாவது இருக்கட்டும். குழந்தை மையம் என்பது நேரமும் பணமும் இருப்பவர்களின் பொழுதுபோக்கு என்று எனக்குப் படுகிறது. மரப்பொம்மை, குட்டி மேசை, குட்டி நாற்காலி, குட்டித் துடைப்பம். எங்களை யாரும் மையத்தில் வைக்கவில்லை, வளர்ந்துவிட்டோம். குழந்தையிடம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுச் செய்கிற வீடுகளைப் பார்க்கிறேன். நான்கு வயதுச் சர்வாதிகாரி ஒருவர் சோபாவில் அமர்ந்து ஆணையிடுகிறார், பெற்றோர் இருவரும் மந்திரிகளாக ஓடுகிறார்கள்.

நெடுவழி

மந்திரிகள் உவமையை ரசித்தேன். பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் வரலாறு நேர்மாறாக இருக்கிறது.

மாண்டிசோரி மருத்துவர். அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் 1907 ஜனவரி 6 அன்று ரோமின் சான் லோரென்சோ பகுதியில் திறந்தது. அது ஏழைத் தொழிலாளர்களின் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போனபின் சிறு பிள்ளைகள் தனியே திரிந்து சுவரையும் படிக்கட்டையும் பாழாக்குகிறார்கள், யாராவது பார்த்துக்கொண்டால் தேவலை என்பதுதான் கட்டட நிர்வாகத்தின் கவலை. கல்விப் புரட்சி எதையும் அவர்கள் எண்ணவில்லை, பெயின்ட் உரியாமல் இருந்தால் போதும் என்றிருந்தார்கள்! அங்கே அவர் ஒருநாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று கைக்குட்டையை வைத்துக் காட்டியபோது குழந்தைகள் கைதட்டினார்கள் என்று எழுதியிருக்கிறார். மூக்கு ஒழுகுவதற்காகத் திட்டு வாங்கிய பிள்ளைகள் அவர்கள். எப்படிச் சிந்துவது என்று அதுவரை யாரும் காட்டியதில்லை. மணல்வீடு சொன்ன "செய்து காட்டுவது" இதுதான்.

சர்வாதிகாரி விஷயத்தில் உங்கள் பக்கம் ஒரு பெரிய சாட்சி இருக்கிறார், நானே தருகிறேன். ஜான் டூயி 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சோதனைப் பள்ளி நடத்தியவர். குழந்தையின் அனுபவத்திலிருந்து கல்வி தொடங்க வேண்டும் என்று வாதாடியவர்களில் முதல் வரிசை. அவரே 1938இல், தன் பெயரைச் சொல்லிக்கொண்டு பெரியவரின் வழிகாட்டலையே தூக்கி எறிந்த பள்ளிகளைக் கடுமையாகக் கண்டித்தார். பழையதற்கு எதிராக இருப்பதாலேயே ஒன்று நல்ல கல்வியாகிவிடாது என்பது அவர் வாதம். ஆக, நீங்கள் கேலி செய்வது குழந்தை மையக் கல்வியை அல்ல, அதன் கேலிச்சித்திரத்தை.

சந்தேகப்பேர்வழி

சாட்சியை ஏற்றுக்கொண்டேன். ஆனால் கேலிச்சித்திரங்கள்தாம் எண்ணிக்கையில் அதிகம் என்பதையும் பதிவில் ஏற்றுங்கள்.

இருபிள்ளைத்தாய்

சோபாச் சர்வாதிகாரி உருவாகும் இடம் எது என்று எனக்குத் தெரியும்: நாம் கேட்கும் கேள்விகள். "குளிக்கலாமா?", "கிளம்பலாமா செல்லம்?", "மருந்து சாப்பிடுகிறாயா?" இவை எதுவும் நமக்குக் கேள்வி அல்ல. குழந்தைக்கு அவை உண்மையான கேள்விகள், அவள் உண்மையாகவே "வேண்டாம்" என்கிறாள். பிறகு நாம் கட்டாயப்படுத்தினால், கேட்டதே பொய் என்று அவளுக்குப் புரிகிறது.

தேர்வு இல்லாத இடத்தில் கேட்காதீர்கள். "குளிக்கும் நேரம். வாளித் தண்ணீரா, ஷவரா?" குளியல் உறுதி, வழி அவளுடையது. இரண்டு போதும். மூன்று வயதில் அலமாரியைத் திறந்துவிட்டு "எது வேண்டும்?" என்று கேட்பது சுதந்திரம் அல்ல, பாரம். நாமே உடை எடுக்கத் திணறுகிறோம்.

தாழ்வாரம், "கூடாது" பற்றிக் கேட்டீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். குறைவாகச் சொல்லுங்கள், சொன்னதில் நில்லுங்கள். உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் மழலையர் பள்ளிக் குழந்தைகளின் பெற்றோரை ஆராய்ந்தபோது அதட்டி ஆள்பவர்கள், எதையும் கேட்காமல் விடுபவர்கள், அன்பும் உறுதியும் சேர்ந்தவர்கள் என்று பிரித்தார். தன்னம்பிக்கையும் தன்கட்டுப்பாடும் மிகுந்த பிள்ளைகள் மூன்றாம் வகை வீடுகளில் அதிகம் இருந்தார்கள். கேட்காமல் விட்டவர்களின் பிள்ளைகள் சுதந்திரமானவர்களாக ஆகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெள்ளைப்பலகை

இடையில் ஒரு சந்தேகம். பல் துலக்கினால் ஒரு நட்சத்திரம், பொம்மை அடுக்கினால் ஒரு நட்சத்திரம், பத்து சேர்ந்தால் பரிசு என்று வீட்டில் ஒரு பலகை வைத்திருக்கிறோம். மகனுக்கு நான்கு வயது. முதலில் பிரமாதமாக வேலை செய்தது. இப்போது "இதற்கு எத்தனை?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை அசைக்கிறான்.

நெடுவழி

இதற்கென்றே ஒரு பழைய சோதனை உண்டு. லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே படம் வரைவதில் ஆர்வம் காட்டிய மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள். ஒரு பிரிவிடம் "வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். இரண்டாம் பிரிவுக்குச் சொல்லாமல் வரைந்தபின் தந்தார்கள். மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. சிறிது காலம் கழித்து, பரிசு எதுவும் இல்லாமல் வகுப்பில் பேனாக்களை வைத்துவிட்டுக் கவனித்தார்கள். முன்பே பேரம் பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் சுமார் பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. கெடுத்தது பரிசு அல்ல, பேரம்.

இன்னும் சின்னப் பிள்ளைகளிடம் வார்னெக்கன், டொமசெல்லோ இருவரும் 2008இல் பார்த்தார்கள். இருபது மாதக் குழந்தைகள், கீழே விழுந்த பொருளைப் பெரியவருக்கு எடுத்துக் கொடுப்பது. அதற்குப் பொருளாகப் பரிசு பெற்றவர்கள் பிறகு குறைவாகவே உதவினார்கள். வெறும் பாராட்டு பெற்றவர்களும் எதுவும் பெறாதவர்களும் தொடர்ந்து உதவினார்கள்.

சந்தேகப்பேர்வழி

பல் துலக்குவதில் எந்தக் குழந்தைக்கு "ஏற்கெனவே ஆர்வம்" இருக்கிறது? ஆர்வம் இருந்த வேலையில் பரிசு கெடுதல் செய்தது, சரி. ஆர்வமே இல்லாத வேலையைத் தொடங்கிவைக்க ஒரு நட்சத்திரம் ஒட்டினால் குடி முழுகிப் போகுமா?

நெடுவழி

முழுகாது. சோதனை சொல்வதைவிட அதிகமாக அதன் மேல் ஏற்றக்கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன். பல் துலக்குவதற்கு வேண்டுமானால் கொஞ்ச நாள் ஒட்டுங்கள். அவன் தானாகவே செய்ய விரும்பும் பொம்மை அடுக்குவது, மேசை துடைப்பது போன்றவற்றை அந்தப் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பேன்.

மூத்தவள்

நான் பாட்டி. மகள்தான் இந்தத் தளத்தைக் காட்டினாள். தாழ்வாரத்தின் மாமியாரைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆகவே நான் பேசுகிறேன்.

ஊட்டிவிடுவதை எல்லோரும் பழக்கக் கேடு என்றே எழுதுகிறீர்கள். பேத்தியைக் குளிப்பாட்டித் தலைவாரி ஊட்டிவிடும் நேரம்தான் அவள் என்னோடு இருக்கும் நேரம். அதையும் "அவளே செய்யட்டும்" என்று எடுத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்? ஓரமாக நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதா? நீங்கள் படித்துவிட்டு வந்து விதி போடுகிறீர்கள். பகல் முழுவதும் குழந்தையோடு இருப்பது நாங்கள்.

தாழ்வாரம்

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பதில் எழுத முடியவில்லை. என் அத்தை இதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

மணல்வீடு

மூத்தவள் அம்மாவுக்கு மரியாதையோடு ஒரு மாற்று யோசனை. குழந்தைக்கு நீங்கள் செய்யும் வேலையைக் குறைத்து, உங்கள் வேலைக்குள் குழந்தையை இழுத்துக்கொள்ளுங்கள். நேரம் குறையாது, கூடும். துணி மடிக்கும்போது கைக்குட்டைகள் அவளுக்கு. செடிக்குத் தண்ணீர் விடும்போது சின்னக் குவளை அவளுக்கு. காய் கழுவும் பாத்திரத்தில் இரண்டு கைகள் சேரட்டும். ஊட்டும்போது அவள் கையிலும் ஒரு கரண்டி இருக்கட்டும், ஒரு வாய் நீங்கள், ஒரு வாய் அவள். அதில் எந்தக் கேடும் இல்லை.

பார்பரா ரோகோஃப் என்ற ஆய்வாளர் குவாத்தமாலாவின் மாயன் குடும்பங்களில் பல்லாண்டு தங்கிப் பார்த்து எழுதியது இதைத்தான். அங்கே குழந்தைகளுக்கென்று தனியாகப் பாடமும் விளையாட்டுச் சாமானும் அடுக்கிவைப்பதில்லை. பெரியவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே பிள்ளைகள் இருக்கிறார்கள், பார்க்கிறார்கள், முடிந்ததில் கைவைக்கிறார்கள். கற்றுக்கொடுப்பதற்கென்று யாரும் உட்காருவதில்லை. சந்தேகப்பேர்வழி கேலி செய்த குட்டி நாற்காலி இல்லாமலே இது நடக்கிறது. வேலை மட்டும் உண்மையான வேலையாக இருக்க வேண்டும். அவள் மடித்த கைக்குட்டையை அவள் கண்முன்னே பிரித்துத் திரும்ப மடித்தால், அது வேலையல்ல என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

மூத்தவள்

கோணலாகத்தான் மடிப்பாள். இருக்கட்டும், கோணல் கைக்குட்டையால் முகம் துடைத்தால் முகம் ஒன்றும் கோணாது.

கைவிரல்

குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சைத் துறையில் இருக்கிறேன். இங்கே சொல்லப்படும் வேலைகளுக்கு வயது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் என்னிடம் வரும் பெற்றோரில் பலர் தேவையில்லாமல் கலங்கியோ, தேவையில்லாமல் காத்திருந்தோ வருகிறார்கள்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் திருத்திய வளர்ச்சிப் படிகளின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட வயதில் நூற்றுக்கு 75 குழந்தைகளாவது செய்யக்கூடியதைத்தான் அதில் சேர்த்திருக்கிறார்கள். தளர்ந்த கால்சட்டை, மேல்சட்டை போன்ற சில உடைகளைத் தானே போடுவது மூன்று வயதில் வருகிறது. சில பொத்தான்களைக் கழற்றுவதும், பெரியவர் பக்கத்தில் இருக்கத் தண்ணீர் ஊற்றுவதும் நான்கில். பொத்தான் போடுவது ஐந்தில்! தாழ்வாரத்தின் மகள் மூன்று வயதில் பொத்தானோடு போராடித் தோற்பது கோளாறு அல்ல. கழற்றுவதை முதலில் கொடுங்கள், அது எளிது. நாடா முடிச்சை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

மறுபக்கமும் உண்டு. முன்பு செய்துகொண்டிருந்ததைக் குழந்தை செய்யாமல் போனாலோ, ஒரு கையை மட்டுமே பயன்படுத்தி மற்றதை ஒதுக்கினாலோ, துணி தோலில் பட்டாலே தாங்க முடியாமல் அழுதாலோ "தானாக வரும்" என்று காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்கும் இந்த இழையில் சொன்னவை பொருந்தும், ஆனால் படிகளை இன்னும் சிறியதாக உடைக்க வேண்டும். அவர்களுக்குத்தான் பிறர் செய்துவிடும் ஆபத்து அதிகம். இரக்கத்தால் எல்லோரும் செய்துவிடுவார்கள்.

எதை விடக்கூடாது என்று கேட்டிருந்தீர்கள். பல்லை அவள் துலக்கட்டும், பிறகு நீங்கள் ஒருமுறை துலக்குங்கள். ஏழு வயது வரையாவது பெரியவர் மேற்பார்வை வேண்டும். மருந்தை அவள் கையால் எடுக்கவே கூடாது, தானே எடுக்கப் பழக்கவும் கூடாது. சாலை ஓரத்தில் கையைப் பிடித்துக்கொள்வது பேச்சுவார்த்தைக்கு உட்பட்டதல்ல. தண்ணீர் விளையாட்டில் ஒரு வாளி நீர் போதும், சிறு குழந்தை மூழ்க. அந்தப் பக்கம் கண்ணை எடுக்காதீர்கள். அவள் தானாக எடுக்கட்டும் என்று தாழ்வான அலமாரி வைப்பவர்கள் அதைச் சுவரோடு திருகி இறுக்குங்கள். இழுப்பறைகளைப் படியாக்கி ஏறுவார்கள், அலமாரி மேலே சாயும். பொத்தான் பேட்டரி உள்ள ரிமோட், பொம்மை எதுவும் அவள் எட்டும் உயரத்தில் வேண்டாம். அந்தப் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்திலேயே அரிக்கத் தொடங்கிவிடும். "சுதந்திரமாக விட்டோம்" என்ற சொல் விபத்துக்குப் பின் யாருக்கும் உதவாது.

சின்னத்தொட்டில்

என் மகனுக்கு ஒன்பது மாதம்தான். இதெல்லாம் எனக்கு இன்னும் தூரமா?

மணல்வீடு

தூரமில்லை. புடாபெஸ்டில் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர் 1946இல் லோட்சி தெருவில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றை ஏற்று நடத்தினார். குழந்தை தானாக எட்டாத நிலையில் அதை உட்காரவைக்கவோ நிற்கவைக்கவோ கூடாது என்பது அங்கே விதி. தரையில் விட்டால் தானே புரண்டு, தானே எழுந்து உட்காரும். உடை மாற்றும்போது "இப்போது கையை எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு கணம் பொறுங்கள் என்றார்கள். சில மாதங்களில் குழந்தையே கையை நீட்டும். உங்கள் மகனிடம் இன்றே முயலலாம். குழந்தையை உள்ளே உட்காரவைத்து ஓடவிடும் நடைவண்டியை (வாக்கர்) மட்டும் யாராவது பரிசாகக் கொடுத்தால் நன்றி சொல்லிப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள்.

தாழ்வாரம்

அனைவருக்கும் நன்றி. இங்கே சொன்னவற்றில் சிலவற்றை வீட்டில் கொண்டுவந்திருக்கிறோம். மறுநாளுக்கான இரண்டு உடைகளை இரவே எடுத்துவைக்கிறோம், அவள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறாள். செருப்பு வாசலருகே தாழ்வாக இருக்கிறது. பொத்தான் சட்டைகள் விடுமுறைக்கு ஒதுங்கின. மூத்தவள் அம்மா எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "எழுதியவள் விவரமானவள்" என்றார். இப்போது துணி மடிப்பது இருவர் வேலையாகியிருக்கிறது.

நேரம்தான் இன்னும் சிக்கல். உண்மையிலேயே அவசரமான காலை வரும். பஸ் காத்திருக்காது. அன்றைக்கு நான் போட்டுவிட வேண்டியிருக்கிறது, அன்றைக்கும் உருளல் நடக்கிறது.

இருபிள்ளைத்தாய்

அன்றைக்கு உருளத்தான் செய்வாள். அவள் பார்வையில் அநியாயம் நடந்திருக்கிறது. தடுக்க முடிந்த ஒன்று, கடைசி நிமிடத்தில் பிடுங்குவது. முடிவு எடுத்துவிட்டீர்கள் என்றால் தொடக்கத்திலேயே சொல்லுங்கள்: "இன்று நேரமில்லை, சட்டையை நான் போடுகிறேன், செருப்பு உன்னுடையது." அழுதால் அழட்டும். "நீயே போட வேண்டும் என்று இருந்தது, இல்லையா" என்று சொல்லிக்கொண்டே போட்டுவிடுங்கள். விளக்கவுரை வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். உளவியலாளர் எரிக்சன் 1950இல் எழுதியபடி இரண்டு, மூன்று வயதின் போராட்டம் தன்னாட்சிக்கும் வெட்கத்துக்கும் இடையில் நடப்பது. ஒரு நாள் நாம் போட்டுவிட்டதால் தன்னாட்சி போய்விடாது. "உனக்கு ஒன்றும் தெரியாது, கொடு இங்கே" என்று பிடுங்கும்போது வெட்கம் நுழைகிறது.

சந்தேகப்பேர்வழி

என் தரப்பிலிருந்து ஒரு சலுகை: மேலே எழுதியதில் மந்திரிகள் யாரும் ஓடவில்லை. ஒப்புக்கொள்கிறேன். மிச்சம் ஒரு கேள்வி. இத்தனை ஏற்பாடும் செய்தபின், செய்யத் தெரிந்த குழந்தை ஒருநாள் வந்து "நீங்களே போட்டுவிடுங்கள்" என்று நின்றால்? என் அக்கா மகள் தம்பி பிறந்ததும் இப்படித்தான் ஆனாள். தானே சாப்பிட்டவள், தானே உடுத்தியவள், எல்லாவற்றையும் மறந்ததுபோல் நின்றாள். அக்கா விட்டுக்கொடுக்கவில்லை, "உனக்குத் தெரியும், நீயே செய்" என்று உறுதியாக நின்றாள். நீங்கள் இங்கே புகழும் உறுதி அதுதானே?

மணல்வீடு

இல்லை. போட்டுவிட வேண்டும்.

சொல்லப்போனால் பெரும்பாலான பெற்றோர் இடறுவது இந்த இடத்தில்தான். தானே செய்வது அவள் உரிமை என்று தொடங்கினோம். கொஞ்ச நாளில் அதை அவள் கடமையாக மாற்றிவிடுகிறோம். நமக்கும் அது சௌகரியமாக இருக்கிறது, ஒரு வேலை குறைந்தது. பெரியவர்கள் நாம் நமக்குத் தெரிந்த வேலையைப் பிறரிடம் கேட்பதில்லையா? தலைவலி வந்தால் "கொஞ்சம் தண்ணீர் எடுத்துத் தருகிறாயா" என்று கேட்பவர் எவரும் தண்ணீர் எடுக்கத் தெரியாதவர் அல்லவே.

தம்பி பிறந்தபின் "போட்டுவிடு" என்பவள் சட்டையைக் கேட்கவில்லை. அம்மாவின் கைகள் இன்னும் தனக்கு உண்டா என்று பார்க்கிறாள். முகம் சுளிக்காமல் போட்டுவிடுங்கள். கொஞ்ச காலம் எல்லாவற்றையுமேகூடச் செய்துவிடுங்கள். கற்றது எங்கும் போகாது. வகுப்பில் இப்படிப் பின்வாங்கி வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் கேட்டதும் கிடைத்த பிள்ளைகள் சீக்கிரம் அலுத்துப்போய், கையைத் தட்டிவிட்டுத் தானே மாட்டிக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள். மறுக்கப்பட்டவர்கள்தான் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

வெள்ளைப்பலகை

ஆனால் வெறும் சோம்பலில் கேட்கிறானா, மனம் கேட்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மணல்வீடு

பெரும்பாலும் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமில்லை. "ஒரு கை நான், ஒரு கை நீ" என்று பக்கத்தில் உட்காருங்கள். சோம்பலாக இருந்தாலும் மனமாக இருந்தாலும் இரண்டுக்கும் அது பொருந்தும்.

மூத்தவள்

பெரியவர்களுக்கும் பொருந்தும். தாழ்வாரம், உங்கள் அத்தையிடம் இந்தத் தளத்தில் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். எனக்கும் இங்கே பேச ஆள் வேண்டும்.

தாழ்வாரம்

கேட்டேன் அம்மா. கணக்குத் திறந்து தருகிறேன் என்றதற்கு, போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு "விடு, நானே" என்றார்.